இருப்பிடத்தைப் பகிரச் சொன்ன செயலி

எல்லோரும் ஒரே மாதிரி “நல்லா இருக்கு” என்று சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வரும். பயனர் ஆய்வு வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். இப்போது ஓய்வில், இரத்தினபுரி பஸாரில் அப்பா வைத்திருந்த கடையின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். கீழே கடைக்காரர் “பிடிச்சிருக்கா?” என்று கேட்பதும், வாடிக்கையாளர் “ஆமா, ஆமா” என்று அவசரமாகச் சொல்வதும் காதில் விழுந்தால், இவர் வாங்காமல்தான் போகப்போகிறார் என்று மனம் சொல்லும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது ஒன்றைத்தான். எப்போது கேள்விக்கொத்து, எப்போது நேர்காணல், எப்போது கூட இருந்து பார்ப்பது? அதற்கு அட்டவணைகள் இருக்கின்றன. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு முறையைத் தெரிவு செய்வதற்கு முன், கையில் இருக்கும் பதில்களில் எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அது எனக்கு விளங்கியது கேகாலைப் பக்கத்து ஓர் இறப்பர் தோட்டத்தில்.

மலைச்சரிவில் லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடுகள், இருந்த தோட்டம் அது. மழை பிடித்தால் அங்கே மண் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் ஒரு சின்ன நிறுவனம் அதற்காக ஓர் எச்சரிக்கைச் செயலி செய்துகொண்டிருந்தது. மழைமானியின் அளவு எல்லை தாண்டினால், அந்தச் சரிவில் இருக்கும் தொலைபேசிகள் எல்லாம் அலறும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும். திட்டத்தின் பொறுப்பாளர் ருவன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் எந்நேரமும் ஒரு கண் கலண்டரில் இருக்கும். நாங்கள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்வோம். என்னைச் சிங்களத்தில் ‘அக்கே’, அக்கா என்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் சுற்று ஆய்வு முடிந்திருந்தது. வெளியார் ஒரு குழு செய்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் வைத்து, நிறுவனத்தின் தொலைபேசிகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, கேள்வி கேட்டுப் பதில் வாங்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது, எல்லாம் பிடித்திருந்தது, எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ருவன் அதைத் திரையில் காட்டிக்கொண்டு வந்தபோது ஒரு கேள்வியில் எனக்குக் கண் நின்றது. “உதவி கேட்கும் பொத்தான் பயன்படுத்த எப்படி இருந்தது?” ‘மிகவும் இலகு’ என்பதே பெரும்பாலானோர் பதில்.

“அந்தப் பொத்தானை நீங்க எடுத்துட்டீங்கதானே?” என்று கேட்டேன்.

ருவன் நெற்றியைச் சுருக்கிவிட்டுச் சிரித்தார். “ஓ. பழைய கேள்வித்தாளைக் கொண்டுபோயிட்டாங்க போல. பரவாயில்ல, அந்த ஒரு கேள்வியை எடுத்துடலாம்.”

“இல்லாத பொத்தானை இலகுன்னு சொன்னவங்க, இருக்கிற திரையைப் பத்திச் சொன்னதை மட்டும் ஏன் நம்பணும்?”

“மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க அக்கே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவர் சிரிப்பு நின்றது. “மழைக்கு முன்னாடி இதை வெளியிடணும். உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேலை வேணும்னு இதை இழுக்கிறீங்களா?” பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். மற்றப் பாதி எனக்கு விளங்கியது. தயாரிப்பு முடியும் தறுவாயில் கேள்வியோடு வருபவரை இப்படித்தான் பார்ப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் தோட்டத்துக்குப் போனது தோட்ட அலுவலகத்தின் வெளிக்கள உத்தியோகத்தரின் ஜீப்பில். பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், சில ஆண்கள். அவர் கதவருகே கைகட்டி நின்றார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் எல்லோருடைய பார்வையும் ஒருமுறை அவர் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு பதில் வந்தது. நல்லா இருக்குங்க மிஸ். விளங்குதுங்க மிஸ்.

“சரி, இதுல பிடிக்காதது என்ன?” என்றேன்.

பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள். “புடிக்காதுன்னு சொன்னா என்னங்க செய்வீங்க?”

உத்தியோகத்தர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் பெயர் கேட்டேன். பாக்கியம். இறப்பர் மரங்களில் பால்வெட்டும் வேலை.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேள்விகளைத் திருத்திக்கொண்டு இன்னொரு முறை பெரட்டுக்களத்துக்குப் போகலாம். ருவனுக்கு அது பிடிக்கும், எண்கள் வரும். ஆனால் கேள்வி எவ்வளவு நல்லதானாலும் கேட்கும் இடம் அதேதான். குழுக் கலந்துரையாடலை உத்தியோகத்தர் இல்லாமல் நடத்தலாம். அப்படிச் செய்தாலும் ஒருவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் சொல்வார்கள். ஆபத்தில்லாத பதில் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய வாய்ச்சொல்லைத்தான் நான் சந்தேகித்தேன். அதனால் இன்னும் கொஞ்சம் வாய்ச்சொல் சேர்ப்பதில் பயனில்லை. அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டில், அவர்களுடைய சொந்தத் தொலைபேசியில்.

அடுத்த தடவை கேகாலையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் போனேன். உத்தியோகத்தருக்குப் பிடிக்கவில்லை. “தனியாவா? எதுக்கு மிஸ்?” என்று கேட்டார். வீடுகளில் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்க என்றேன். நான் ஏறிப்போகும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் பின்னால் மெதுவாக வந்து, வளைவில் நின்றுகொண்டது. லயத்து வாசல்களில் பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு வளைவைப் பார்த்தார்கள்.

பாக்கியம் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். உடுப்பில் இறப்பர் பாலின் புளித்த வாடை. அவள் கணவர் யோகராஜ் வாசலில் உட்கார்ந்து ஒரு குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“மிஸ் ஓபீஸ் ஆளா?” தலை நிமிராமலே கேட்டார்.

“இல்ல. கொழும்புல ஒரு கம்பெனி.”

“அந்தக் கம்பெனிக்கு ஓபீசுதானே காசு குடுக்குது?”

தோட்ட நிர்வாகமும் செலவில் ஒரு பங்கு ஏற்றிருந்தது உண்மை. “ஆமா, கொஞ்சம் குடுக்குது” என்றேன்.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கால்பக்கத்தில் கிடந்த முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

பாக்கியத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்த அந்தச் செயலியை உங்கள் தொலைபேசியில் போடுங்கள். நான் உதவமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன். அவள் கண்ணாடி வெடித்த தொலைபேசியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்து, பெருவிரலால் அமுக்கிக்கொண்டே போனாள். ஒரு திரை வந்ததும் விரல் நின்றது. கணவரிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அவள் ‘மறுக்கவும்’ என்பதை அமுக்கினாள். மழைமேகப் படத்தோடு செயலி திறந்தது.

“வந்திருச்சுங்க மிஸ். நல்லா இருக்கு.”

அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது, இந்தத் தொலைபேசி எந்த மழையிலும் அலறாது. எங்கே இருக்கிறது என்று தெரியாத தொலைபேசிக்கு எச்சரிக்கை போகாது. அப்படித்தான் செய்திருந்தார்கள். அதைச் செயலி எங்கேயும் சொல்லவும் இல்லை. முதல் சுற்றில் கொடுத்த தொலைபேசிகளில் இந்த அனுமதியைக் கொழும்பிலேயே கொடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே நூற்றுக்கணக்கான பேர் கையில் வைத்திருந்தும், ஒருவர்கூட இந்தத் திரையைக் கண்டதில்லை.

“ஏன் மறுத்தீங்க?” என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். அந்த வாசலில் அது விசாரணை மாதிரி இருக்கும், உடனே ஒரு சாட்டு வரும். “இப்ப ஒரு திரை வந்திச்சே, அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க” என்றேன்.

பாக்கியம் கணவரைப் பார்த்தாள். பிறகு திரையை மறுபடி வரவழைத்து வாசித்தாள். “உங்கள் இருப்பிடத்தைப் பகிர அனுமதிக்கிறீர்களா?”

“அப்படின்னா?”

“மிஸ்ஸுக்குத் தெரியாதா?” என்றார் யோகராஜ். அவர் குரல் இறுகியிருந்தது. “இருப்பிடம்னா வீடு. பகிரன்னா பங்கு போடுறது. இந்தக் காம்பராவ எங்க பேருக்கு எழுதித் தாங்கன்னு எங்க அப்பா காலத்துலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். தரல. இப்ப போன்ல வந்து, பங்கு போட அனுமதி குடுக்குறியான்னு கேக்குது. நாங்க ஆமான்னு அமுத்தணுமா?”

“போன வருசமும் ஆளுங்க வந்து டேப்பு புடிச்சு அளந்துட்டுப் போனாங்க மிஸ்” என்றாள் பாக்கியம். “எதுக்குன்னு கேட்டா, சும்மான்னாங்க.”

நிற்கிற இடம் எது என்று தொலைபேசிக்குத் தெரியவேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று விளக்கினேன். இருவரும் கேட்டுக்கொண்டார்கள், மறுத்துப் பேசவில்லை. அவள் அந்த அனுமதியை மாற்றவும் இல்லை. அடுத்து நான் போன வீடுகளிலும் அதே திரையில் விரல் நின்றது. சில வீடுகளில் அந்த இடத்தில் தொலைபேசியையே அணைத்து வைத்தார்கள்.

கொழும்பில் ருவன் கேட்ட முதல் கேள்வியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். “எத்தனை வீடு அக்கே?”

“கைவிரல்ல எண்ணிடலாம்.”

“முதல் சுற்றுல நூற்றுக்கணக்கான பேர் இருந்தாங்க.”

“அவங்க எல்லாரும் நம்ம போனைப் பிடிச்சிருந்தாங்க. இவங்க அவங்க போனைப் பிடிச்சிருந்தாங்க.”

அவர் நம்பவில்லை. நம்பச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை. சில வீடுகளில் கண்டதை வைத்துத் தோட்டம் முழுவதையும் பற்றிச் சொல்வதும் தப்புத்தான். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று மட்டும் சொன்னேன். அலுவலகம் அனுப்பிய இணைப்பிலிருந்து தோட்டத்தில் பலர் செயலியைப் போட்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்முடைய பதிவிலேயே பார்க்கலாமே? அவர் அங்கேயே பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார். கொடுத்தவர்கள் அனேகமாக அலுவலக உத்தியோகத்தர்கள் மட்டும்தான்.

“சரி. ஒரு வசனம் போடலாம்” என்றார் பிறகு. “இது வீட்டுக்கோ காணிக்கோ சம்பந்தப்பட்டதில்லைன்னு.”

அந்த வசனத்தை ஒரு தாளில் திரை மாதிரி எழுதிக்கொண்டு மறுபடி போனேன். யோகராஜ் வாசித்தார்.

“நாங்க கேக்கவே இல்லையே மிஸ். இல்லைன்னு எதுக்கு முன்கூட்டியே சொல்றீங்க?” தாளைத் திருப்பித் தந்தார். “ஒன்னு சொல்லுங்க. நாங்க நிக்கிற எடம் போனுக்குத் தெரியும்னீங்க. போனுக்கு மட்டுமா? ஓபீசுல யாரும் பாப்பாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு உண்மையில் தெரியாது. “தெரியல. கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர்களுடைய சந்தேகத்தை ஒரு மொழிபெயர்ப்புக் கோளாறு என்று நான் அறிக்கையில் எழுதத் தயாராக இருந்தேன். மக்கள் தப்பாக விளங்கிக்கொண்டார்கள், சொல்லை மாற்றினால் சரி. எங்கள் தொழிலில் இப்படி எழுதுவது மிகச் சுலபம். ஆனால் சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டவர்கள் விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டிருந்தால்?

ருவனிடம் நேராகக் கேட்டேன். முதலில் “பாதுகாப்புக்காகச் சில ஏற்பாடுகள் இருக்கு” என்றார். என்ன ஏற்பாடு என்றேன். “அது ஆய்வுக்குத் தேவையில்லாத விஷயம்” என்றார். நான் எழுந்து போகவில்லை. கடைசியில் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். தோட்டத்தின் வரைபடம். ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு புள்ளி. யார் எந்த மலையில் நிற்கிறார், யார் லயத்தில் இருக்கிறார் என்று அலுவலகம் பார்க்கலாம். மழை நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும்.

“ஆபத்துல யார் உள்ள மாட்டியிருக்காங்கன்னு தெரியணும்ல?”

“ஆபத்தில்லாத நாள்ல எதுக்கு?”

“நிர்வாகம் கேட்டுச்சு. அது இல்லன்னா அவங்க இதுல சேர்ந்திருக்கவே மாட்டாங்க.” குரலைத் தாழ்த்தினார். “அக்கே, மழை வரப்போகுது. இதை இழுத்து, அதுக்குள்ள மண் இறங்கிச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு? ஆய்வு செய்றதுதான் உங்க வேலை. மத்தது வேற ஆக்கள் தீர்மானிக்கிறது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். சரி என்று வந்துவிட்டால் நான் யோகராஜிடம் பொய் சொல்ல வேண்டும். இல்லை என்று மறித்தால், அரைகுறையாகவாவது வரக்கூடிய ஓர் எச்சரிக்கையை நான் தடுத்தவளாவேன். அன்றிரவு, இந்த வேலையிலிருந்து வெளியேறலாம் என்றும் நினைத்தேன். வெளியேறினால் என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கும், அந்தத் தொலைபேசிகள் ஊமையாகவே இருக்கும்.

அடுத்த நாள் ருவனிடம் நியாயம் பேசவில்லை. அவர் கணினியில் அந்த வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். அலுவலகக் கட்டடத்தைச் சுற்றி நாலைந்து புள்ளிகள். லயங்கள் இருந்த சரிவு முழுக்க வெறுமை.

“இதைத்தான் நிர்வாகத்துக்கு விக்கப் போறீங்க” என்றேன். “லயத்து ஆக்கள் அனுமதி தரமாட்டாங்க. இந்தப் படத்துல புள்ளி வராது, அவங்க போனுக்கு எச்சரிக்கையும் போகாது. ரெண்டுமே இல்லாம எதை வெளியிடுறீங்க?”

“வேற வழி?”

“இடத்தைப் போன்கிட்டக் கேக்காதீங்க. ஆள்கிட்டக் கேளுங்க. தோட்டத்துப் பேரு, அதுக்குள்ள அவங்க இருக்கிற பகுதி, டிவிசன் பேரு. அவங்களே தெரிவு செய்யட்டும். அந்த டிவிசனுக்கு ஆபத்துன்னா, அதைத் தெரிவு செஞ்ச எல்லாப் போனும் அலறட்டும். யாரையும் பின்தொடர வேண்டாம்.”

பக்கத்தில் இருந்த பொறியியலாளர், அது இதைவிட லேசான வேலை என்றார். நிர்வாகத்தோடு ருவன் எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. பேசினார். அந்த வரைபடம் செயலியிலிருந்து போனது. எங்களை இன்னும் நம்பாத முகத்தோடு உத்தியோகத்தர் பெரட்டில் புதிய இணைப்பை அனுப்பினார். யோகராஜிடம் போய், ஓபீஸில் பார்க்க ஏற்பாடு இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள் என்று இரண்டையும் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை. “இருந்துச்சுல்ல” என்றார். அவ்வளவுதான். பாக்கியம் தன் டிவிசன் பெயரைத் தேடி அமுக்கினாள்.

மழை ஒரு பிற்பகலில் வந்தது. பால்வெட்டு முடிந்து எல்லோரும் லயத்தில் இருந்த நேரம். தொலைபேசிகள் ஒன்றாக அலறினவாம். பாக்கியம் அயல் வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டு, செயலி காட்டிய பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறாள். யோகராஜ் முதலில் வரவில்லை. வீட்டைப் பிடுங்க ஆளை வெளியே எடுக்கத்தான் இந்தச் சத்தமோ என்று அப்போதும் அவருக்குச் சந்தேகம். மழைச் சத்தத்துக்கு மேலாக மரம் முறியும் சத்தம் கேட்டபிறகுதான் ஓடியிருக்கிறார். மண் லயத்தின் பின்பக்கக் குசினிகளை வாரிக்கொண்டு போனது. யாரும் சாகவில்லை.

ருவன் தொலைபேசியில் அழுதார். நானும்தான்.

பிறகு லயத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். இனி இங்கே குடியிருக்க முடியாது என்று சொல்லி மூடினார்கள். குடும்பங்களைத் தோட்டத்துக் கீழ்ப்பக்கம் தகரக் கொட்டகைகளில் விட்டார்கள். வீடு எங்கே, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மாதங்கள் போயின. நிறுவனம் செயலியை வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோக விரும்பியது. பயனடைந்தவர்களின் அனுபவத்தைக் கேட்டுப் பதிவு செய்து வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள்.

கொட்டகையில் பாக்கியம் எனக்குத் தேத்தண்ணி தந்தாள். வெயிலில் தகரம் கொதித்தது. நான் பதிவுக் கருவியை வெளியே எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

“உசிரு தப்பிச்சோம் மிஸ். அதுக்கு உங்கள மறக்கமாட்டோம்” என்றாள். “ஆனா எங்ககிட்ட கேள்வி கேக்க நெறைய பேரு வந்துட்டாங்க. அடுத்தவாட்டி வரும்போது, நாங்க கேள்வி கேக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க.”

யோகராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவியைப் பைக்குள் வைத்தேன்.

ருவனிடம் சொன்னபோது, இது நம் திட்டத்துக்குள் வராது என்றார். ஒரு நாள் கழித்து அவரே அழைத்து, கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தனக்கு ஒருவரைத் தெரியும் என்றார். பல தடவை அலைந்தோம். கடைசியில் வீடமைப்புக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி வர ஒப்புக்கொண்டார். நாங்கள் மூவரும் அந்தக் கொட்டகைகளுக்கு நடுவே நீள வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்தோம். லயத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். சிங்களத்தில் கேட்கக்கூடியவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் தமிழில் கேட்டதை நான் சிங்களத்தில் சொன்னேன். எந்தக் காணி? யார் பெயரில்? தோட்டத்தில் வேலையை விட்டால் வீடும் போகுமா? அதிகாரி சிலவற்றுக்குப் பதில் சொன்னார். பலவற்றுக்குத் தெரியாது என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு குறித்துக்கொண்டார். வெயில் சாயும் வரைக்கும் கேட்டார்கள்.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முன் கடைசியாகச் செய்த கள ஆய்வு அதுதான். அன்று நான் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மக்களைப் பற்றி அதற்கு முன்பு எந்த முறையிலும் நான் அவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.